காத்திருக்கும் கொடி: ரீஸ்லிங் மதுவின் வரலாறு

அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடிகளின் ஓடுகளை என் முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு கைப்பிடிகளும் கூம்பிய அடியும் உடைய அச்சாடிகள் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தவை. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கு அகழாய்வு நடத்தினர். களிமண்ணின் தன்மையைக் கொண்டு இந்த ஓடு கோஸ் தீவினது, இது இத்தாலியின் காம்பானியாவினது என்று அறிஞர்கள் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கொணர்ந்த தேறலை அருந்தும் பாண்டியன் நன்மாறனின் பெயர் நமக்குத் தெரியும். பாடிய நக்கீரரின் பெயரும் தெரியும். அத்தேறலுக்குரிய கொடியை நட்டவன் பெயர் தெரியாது. அவன் எப்படி நட்டான், எப்போது பறித்தான், அவன் கைக்கு என்ன வந்தது என்பனவும் தெரியா.

இவ்வினாக்களுக்கு யவனர் மதுவைக் கொண்டு விடை காண நமக்குப் போதிய ஏடுகள் இல்லை. ஏடுகள் தொடர்ச்சியாகக் கிடைக்கும் வேறொரு மதுவின் வரலாற்றைப் படித்தால், விளைவித்தவன் எங்கே நிற்கிறான் என்பது ஓரளவு புலப்படும் என்று தோன்றிற்று. அவ்வாறு தேடிச் சென்றபோது கண்ணில் பட்டதே செருமானிய நாட்டின் ரீஸ்லிங். இதற்கும் நம் துறைமுகங்களுக்கும் தொடர்பு ஏதுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறளை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவள் மதுவைப் பற்றி எழுதலாமா என்று மலர்க்குழுவில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் இதைச் சுவைத்தவள் அல்லள். ஏட்டின் வழியாக மட்டுமே அறிந்தவள். கள்ளையும் தேறலையும் பாடிய சான்றோரைப் படிப்பவர்க்கு இது புறம்பான பொருளுமன்று.

ரீஸ்லிங் என்பது வெண்ணிறத் திராட்சை வகை ஒன்றின் பெயர். அதிலிருந்து எடுக்கும் மதுவுக்கும் அதுவே பெயர். ரைன் ஆற்றின் கரைகளிலும், அதன் கிளையாறாகிய மோசலின் கரைகளிலும் அது பெயர்பெற்றது. செருமனியில் ஏறத்தாழ 24,000 எக்டர் பரப்பில் இன்று அது பயிராகிறது. அந்நாட்டுத் திராட்சை நிலத்தில் இது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. சிறிய கனி, மிகுந்த புளிப்பு, பூவை நினைவூட்டும் மணம் ஆகியன அதன் இயல்புகள். ஆனால் அதன் வரலாற்றைத் தீர்மானித்த இயல்பு வேறு. அது தாமதமாகப் பழுக்கும் கொடி.

கொடியும் மலையும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையைப் பந்தலிட்டுப் படரவிடுவதைப் பார்த்திருப்போம். கவாத்து வெட்டுவதைக் கணக்கிட்டு ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை அங்கே காண்கிறார்கள். மோசல் கரையில் கொடிக்கு ஆண்டில் ஒரே வாய்ப்பு. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 50ஆம் பாகையில் அந்நிலம் உள்ளது. திராட்சை பயிராகும் நிலங்களுள் குளிர் மிகுந்தவற்றுள் அது ஒன்று. சூன் திங்களில் பூக்கும் கொடி நூறு நாளைக் கடந்தும் பழுத்துக்கொண்டே இருக்கும். பிற வகைகள் செப்டம்பரில் கூடைக்கு வந்துவிட, ரீஸ்லிங்கைப் பறிக்க அக்டோபர் நடுப்பகுதி வரையிலும், நல்ல ஆண்டுகளில் நவம்பர் வரையிலும் பொறுத்திருப்பது பழைய வழக்கம்.

குளிர்நாட்டில் அவ்வளவு நாள் வெயிலைச் சேமிக்க வேண்டுமானால் இடம் தேர வேண்டும். தெற்கு நோக்கிய மலைச்சரிவு, கீழே வளைந்தோடும் ஆறு, மண்ணுக்கு மாறாக அடுக்கடுக்காக உதிரும் கரிய பலகைக்கல், இம்மூன்றும் அமைந்த இடத்தில்தான் மோசல் ரீஸ்லிங் தன் சிறப்பைப் பெறுகிறது. சரிவு வெயிலை நேராக வாங்குகிறது. பகலில் சூடேறிய கல் இரவில் அச்சூட்டை விடுகிறது. பிரெம் என்னும் ஊரை ஒட்டிய கால்மோன்ட் சரிவின் சில பகுதிகள் 65 பாகை அளவுக்குச் செங்குத்தானவை. ஏர் செல்லாது, மாடு ஏறாது. மழையில் சரிந்து அடிவாரம் சேர்ந்த கல்லையும் மண்ணையும் முதுகுக் கூடையில் சுமந்து மேலே கொண்டுபோய்க் கொட்டுவது தலைமுறை தலைமுறையாக அங்கு குளிர்கால வேலை. ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியே ஒரு முளைக்கம்பு நட்டு, இரண்டு கொம்புகளை இருபுறமும் வளைத்துக் கட்டுவார்கள். கட்டி முடித்த கொடி நெஞ்சின் வடிவில் இருக்கும். கம்பைச் சுற்றி நான்கு பக்கமும் ஆள் நடக்கலாம் என்பதே இம்முறையின் பயன். சமநிலத் தோட்டத்தைவிடப் பல மடங்கு மனித உழைப்பை இச்சரிவு கேட்கிறது.

தாமதத்தால் என்ன பயன் என்பதைச் சற்று விளக்க வேண்டும். இலையுதிர் காலத்தின் குளிர்ந்த இரவுகளில் கனியின் புளிப்பு மெல்லக் குறைகிறது, இனிப்பு மெல்ல ஏறுகிறது, மணம் திரள்கிறது. வெப்பநாட்டில் விரைவில் பழுத்தால் புளிப்பு அற்றுப்போய் வெறும் இனிப்பே எஞ்சும். ரீஸ்லிங்கில் இரண்டும் சேர்ந்து நிற்பதாலேயே அதன் மது பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கிறது. இன்னும் பொறுத்தால் பூஞ்சை வருகிறது. போட்ரைட்டிஸ் என்ற அப்பூஞ்சை பழுக்காத கனியில் பற்றினால் அழுகல். பழுத்த கனியில், காலையில் மூடுபனியும் பகலில் வெயிலுமாக நாள்கள் அமைந்தால், தோலில் நுண்துளையிட்டு நீரை வெளியேற்றிவிடும். சுருங்கிய கனியில் தேன்போன்ற சாறு எஞ்சும். உலர்மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும் மதுவே மிக உயர்ந்த விலை பெறுவது. ஆனால் மழை ஒரு வாரம் முந்திவிட்டால் தோட்டம் முழுவதும் வீண்.

ஆகவே ரீஸ்லிங்கை வளர்ப்பவன் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முடிவில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: இன்று பறித்துக் குறைந்த விலைக்கு விற்பதா, காத்திருந்து எல்லாவற்றையும் இழக்கும் வாய்ப்பையும் ஏற்பதா? கடன்காரன் வாசலில் நிற்பவனுக்கு இவ்வினாவே எழுவதில்லை. காத்திருக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்று கேட்டுக்கொண்டே படித்தால், இந்த மதுவின் வரலாறு மாளிகைகளின் விளம்பர ஏடுகள் சொல்வதிலிருந்து வேறாகத் தெரிகிறது.

பெயர் வந்த வழி

மோசலில் திராட்சை உரோமர் காலம் முதலே உண்டு. டிரியர் நகரம் உரோமப் பேரரசின் தலைமையிடங்களுள் ஒன்றாக விளங்கியது. கி.பி. 371ஐ ஒட்டி அவுசோனியுஸ் என்னும் புலவர் மோசல் ஆற்றின்மேல் ஒரு நெடும்பாட்டே இயற்றினார். நாய்மாகனில் கிடைத்த கற்சிற்பம் ஒன்றில் மதுப்பீப்பாய்களை ஏற்றிய படகைத் துடுப்பால் செலுத்தும் ஆள்களைக் காணலாம். ஆனால் அவர்கள் பயிரிட்டது ரீஸ்லிங் என்பதற்குச் சான்றில்லை. உரோமப் பெருமையைப் புட்டியின் மேல் ஒட்டிக்கொள்ள வணிகர்க்கு ஆசை இருக்கலாம். ஆய்வாளர்க்கு அது தேவையில்லை.

உறுதியான முதற்சான்று 1435ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாளினது. காட்சன்எல்ன்போகன் கோமகனுக்கு உரிய ரூசல்ஸ்ஹைம் கோட்டையின் செலவுக்கணக்கில், தோட்டத்திற்கு ரீஸ்லிங் நடவுக் குச்சிகள் வாங்கிய வகையில் 22 ஷில்லிங் என்று எழுதப்பட்டுள்ளது. கிளைன்ஃபிஷ் என்பவரின் பெயர் அதனோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. உலகப்புகழ் பெற்ற ஒரு பயிரின் பெயர் பாட்டிலோ மெய்க்கீர்த்தியிலோ தோன்றாமல் வரவுசெலவுக் குறிப்பில் தோன்றுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் கோயிற் கல்வெட்டுகளிலும் பல பழஞ்சொற்கள் இவ்வாறே நெல்லளவுக்கும் எண்ணெய் அளவுக்கும் இடையில் உயிர்பிழைத்திருக்கின்றன. குச்சிக்குக் கொடுத்த காசு அந்த வரியில் இருக்கிறது. நட்டவர்க்குக் கொடுத்தது இல்லை. அடுத்து 1464இல் டிரியரின் புனித யாக்கோபு அறச்சாலை 1,200 கொடிகள் வாங்கியது. 1552இல் ஹீரோனிமுஸ் போக்கின் மூலிகை நூலில் இன்றைய எழுத்துருவுக்கு நெருங்கிய வடிவில் பெயர் அச்சேறியது.

கொடியின் மரபு குறித்த செய்தி இன்னும் சுவையானது. இடைக்காலத்தில் செருமானியர் திராட்சையை இரண்டு சாதியாகப் பிரித்தனர். பிராங்கு இனத்தார் பெயரால் அழைத்தது உயர்ந்தது; ஹூணர் பெயரால் அழைத்தது தாழ்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி ஹில்டகார்ட், இயற்கைப் பொருள்களைப் பற்றிய தம் நூலில் இவ்விரு மதுக்களையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். ஹொய்னிஷ் எனப்பட்ட தாழ்ந்த வகை மிகுதியாகக் காய்க்கும், சாறு புளிக்கும், குடியானவர் நிலத்துக்கு உரியது என்று ஒதுக்கப்பட்டது. 1998இல் ஆஸ்திரியாவின் குளோஸ்டர்நொய்பர்க் ஆய்வகத்தில் பெர்டினாண்டு ரெக்னர் மரபணுக்களை ஒப்பிட்டபோது, ரீஸ்லிங்கின் பெற்றோருள் ஒன்று அந்த ஹொய்னிஷ்தான் என்பது தெரிந்தது. மற்றொன்று டிராமினர் வகைக்கும் காட்டுக்கொடிக்கும் பிறந்தது. அடுத்த ஆண்டே, பிரான்சின் பெருமைக்குரிய சார்டோனேயும் அதே தாழ்ந்த கொடியின் பிள்ளை என்று கலிபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினர். சாதி பேசியவர்கள் சுவைத்து மகிழ்ந்தது அதன் பிள்ளைகளின் சாற்றையே.

ஆணையும் அனுமதியும்

குடியானவன் ஏன் மிகுதியாகக் காய்க்கும் தாழ்ந்த வகையை நட்டான்? அறியாமை என்று பழைய நூல்கள் எழுதின. அது சரியன்று. அவன் நிலக்கிழாருக்கும் மடத்துக்கும் செலுத்த வேண்டிய பங்கு அளவால் வாங்கப்பட்டது, தரத்தால் அன்று. பத்தில் ஒன்றை அளந்து கொடுத்துவிட்டு எஞ்சியதில் வாழ வேண்டியவனுக்கு, நிறையக் காய்க்கும் எல்பிளிங் கொடியே அறிவுடைய தேர்வு. அளவு குறைந்து தாமதமாகப் பழுக்கும் ரீஸ்லிங், நெடுநாள் பொறுக்க முடிந்தவர்களின் பயிர். ஆதலின் அது பரவியது மேலிருந்துதான். 1716இல் ரைன்கௌ பகுதியின் யோஹானிஸ்பெர்க் மடத்தை ஃபுல்டாவின் மடத்தலைவராகிய இளவரசர் வாங்கினார். 1720ஐ ஒட்டி அங்கே 2,94,000 கொடிகள் நடப்பட்டதாகக் குறிப்பு உள்ளது. ஒரே வகையை இவ்வளவு பெரிய பரப்பில் நட்டது அக்காலத்தில் புதுமை.

இம்மடத்தை ஒட்டியே ரீஸ்லிங்கின் புகழ்பெற்ற கதை வழங்குகிறது. அறுவடை தொடங்க வேண்டுமானால் பல நாள் பயணத்தொலைவில் இருந்த ஃபுல்டாவுக்குக் கனிக்குலையுடன் ஆளனுப்பி அனுமதி பெற வேண்டும். 1775இல் அனுமதியோடு திரும்ப வேண்டிய குதிரைவீரன் இரண்டு வாரம் தாமதித்தான். வழிப்பறியில் சிக்கினான் என்பர். வேட்டையில் மயங்கினான் என்பர். காதல் என்பாரும் உண்டு. அதற்குள் கனிகளைப் பூஞ்சை பிடித்துவிட்டது. வேறு வழியின்றி அவற்றையே பிழிந்தனர். அடுத்த வசந்தத்தில் மிடாவைத் திறந்து சுவைத்தவர்கள் வியந்தனர். அன்றுமுதல் தாமத அறுவடை என்பதே ஒரு தரப்பெயராயிற்று. செருமானியத்தில் அது ஷ்பேட்லேசே. அந்த வீரனுக்கு மடத்து முற்றத்தில் சிலையும் வைத்திருக்கிறார்கள்.

இக்கதையில் எல்லாரும் குதிரைவீரனையே பார்க்கிறார்கள். அந்த இரண்டு வாரமும் கண்முன் அழுகும் தோட்டத்தில் கைகட்டி நின்றவர்களை யாரும் பார்ப்பதில்லை. பழம் பழுத்துவிட்டதா என்பதைப் பறிப்பவன் சொல்லக் கூடாது, தொலைவில் இருக்கும் இளவரசர் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு இல்லையெனில் கதையே இல்லை. மேலும் பூஞ்சைக் கனியின் இனிய மதுவை அங்கேரியின் டோக்காயில் 17ஆம் நூற்றாண்டிலேயே எடுத்து வந்தனர். ஆதலின் 1775ஐக் கண்டுபிடிப்பு என்பதைவிட, ஒரு செல்வ மடம் தாமதத்தைக் கொள்கையாக ஏற்றுக்கொண்ட ஆண்டு என்பதே பொருந்தும். அம்மடத்தால் அது முடிந்தது; ஓராண்டு விளைச்சல் போனாலும் மறு ஆண்டு உண்டு.

மோசலில் அது ஆணையாகவே வந்தது. 1787 மே 8ஆம் நாள் டிரியரின் பேராயரும் ஆட்சியாளருமாகிய கிளமென்ஸ் வென்செஸ்லாவுஸ், இழிந்த கொடிகளை ஏழாண்டுக்குள் களைந்து நல்ல கொடி நட வேண்டும் எனப் பணித்தார். நல்ல கொடி என்பது நடைமுறையில் ரீஸ்லிங்கையே குறித்தது. புதிய கொடி காய்க்க மூன்றாண்டு ஆகும். அந்த மூன்றாண்டும் எதை விற்று உண்பது? மோசல் ரீஸ்லிங்கின் நாடாக மாறியதற்கு இவ்வாணையைப் போற்றி ஆண்டுவிழா கொண்டாடுகிறார்கள். தரம் உயர்ந்தது உண்மை. செலவு யார் தலையில் விழுந்தது என்பதும் உண்மை.

டிரியரின் மகன்

பிரெஞ்சுப் படை 1794இல் டிரியரைக் கைப்பற்றியபின் பங்குவரிகள் ஒழிந்தன. மடங்களின் நிலம் ஏலத்தில் விற்கப்பட்டது. குடியானவன் நிலமுடையவன் ஆனான். ஆனால் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தால் நிலம் கீற்றுக் கீற்றாகச் சிதறியது. 1815இல் அப்பகுதி பிரஷ்யாவுக்குப் போயிற்று. பிரஷ்யாவிற்குள் வேறு நல்ல மது குறைவு. 1818இன் சுங்கவரி வெளிமதுவைத் தடுத்தது. விலை ஏறவே மோசலார் கடன் வாங்கிப் புதிய சரிவுகளைத் திருத்தினர். 1828இல் ஹெஸ்ஸெயுடனும் 1834இல் தென்னாடுகளுடனும் சுங்க ஒன்றியம் ஏற்பட்டதும் தெற்கின் மலிவு மது வரியின்றி நுழைந்தது. விலை சரிந்தது, கடன் நின்றது. பலர் நிலத்தை இழந்தனர். பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர்.

இந்நிலையை எழுதியவர்களுள் ஒருவர் கார்ல் மார்க்ஸ். அவர் 1818இல் டிரியரில் பிறந்தவர். வழக்கறிஞராகிய அவர் தந்தைக்கு அருகிலுள்ள ருவர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மெர்ட்டஸ்டார்ஃபில் சிறிது திராட்சை நிலம் இருந்தது. கொலோன் நகரின் ரைன் செய்தித்தாளில் மோசல் குடிகளின் துயரைப் பற்றி வந்த குறிப்புகளை மாகாண ஆளுநர் ஃபான் ஷாப்பர் கண்டித்துச் சான்று கேட்டார். ஆசிரியராயிருந்த மார்க்ஸ், தாமே பொறுப்பேற்று 1843 சனவரியில் தொடர்ச்சியாக விடை எழுதினார். துயருக்குக் காரணம் குடிகளின் ஊதாரித்தனமும் இயற்கையும் என்று அலுவலர்கள் சொல்லிவந்தனர். ஆள்வோர் தம் நிருவாகத்தைத் தாமே ஆராய்ந்து தாமே நற்சான்று அளித்துக்கொள்கிறார்கள், ஆகவே குடிகளின் குரல் இதழ் வழியாக வரவேண்டும் என்பது மார்க்ஸின் வாதத்தின் சாரம். அந்தச் சனவரியிலேயே இதழை நிறுத்த ஆணை பிறந்தது; ஏப்ரல் முதல் அது வெளிவரவில்லை. பொருளியலின் பக்கம் தம்மை முதன்முதலில் திருப்பியவற்றுள் விறகுத் திருட்டுச் சட்ட விவாதமும் மோசல் குடிகளின் நிலையும் அடங்கும் என்று 1859இல் ஒரு முன்னுரையில் அவரே நினைவுகூர்ந்தார். ரீஸ்லிங்கைப் பற்றிய அழகிய பட நூல்களில் இச்செய்தி ஓரிரு வரிக்கு மேல் இடம்பெறுவதில்லை என்பதைக் குறையாகவே சொல்கிறேன்.

டிரியரில் வாழ்ந்த இன்னொருவர் லூத்விக் கால். அவரும் சமூகச் சீர்திருத்தம் பேசியவர். ஏழைகளை அழைத்துக்கொண்டு அமெரிக்கா வரை சென்று தோற்றுத் திரும்பியவர். வெயிலற்ற ஆண்டுகளில் ரீஸ்லிங்கின் சாறு குடிக்கவொண்ணாத புளிப்பாகிவிடும்; விலை போகாது. நொதிக்கும் முன் சர்க்கரை கரைத்த நீரைச் சேர்த்தால் புளிப்பு தணியும், மது நிற்கும் என்று 1850களில் அவர் நூல்கள் வழியாகக் கற்பித்தார். காத்திருக்க இயலாதவனுக்கு, வராத வெயிலை மூட்டையில் வாங்கிக் கொடுத்தார் எனலாம். பல குடும்பங்கள் பிழைத்தன. 1892இல் வந்த மதுச்சட்டம் இதை அனுமதித்தது. கலப்படம் என்று பெருந்தோட்டக்காரர்கள் முழங்கினர். 1910இல் சர்க்கரை சேராத இயற்கை மதுவை மட்டும் ஏலம் விடுவோரின் சங்கம் அமைந்தது. இன்று கழுகுச் சின்னத்துடன் விளங்கும் உயர்தரத் தோட்டங்களின் சங்கம் அதன் வழித்தோன்றலே. இயற்கை என்னும் சொல் இவ்வாறு நல்ல சரிவு உடையவனின் சொத்தாயிற்று. கால் சொன்ன முறையை வணிகர் அளவின்றிப் பயன்படுத்தி மதுவை நீராக்கியதும் உண்டு. ஆதலின் சங்கத்தார் கூற்றில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை.

அந்த நூற்றாண்டில் இன்னும் இரண்டு செய்திகள். 1829இன் விளைச்சல் படுமோசமாக இருந்ததால் பிங்கன் அருகே டிரோமர்ஸ்ஹைமில் கனிகளைக் கொடியிலேயே விட்டுவிட்டனர். 1830 பிப்ரவரி 11ஆம் நாள் உறைபனியில் அவற்றைப் பறித்துப் பிழிந்தபோது, நீர் பனிக்கட்டியாய் நின்றுவிட இனிய சாறு மட்டும் வடிந்தது. செருமனியில் பனிமது எடுத்ததற்கு ஆவணம் உள்ள முதல் நிகழ்ச்சி இதுவே. அடுத்தது, பொன்வினைஞர் பெர்டினாண்டு ஓக்ஸ்லே 1830களில் பரப்பிய சாற்றுமானி. ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் நீரைவிட எத்தனை கிராம் மிகுதி என்பதே அதன் எண். சாறு 1,080 கிராம் எடை இருந்தால் 80 ஓக்ஸ்லே. அதுவரை நாவும் கண்ணும் சொன்ன பழுப்பை இனி எண் சொல்லிற்று.

நூற்றாண்டின் முடிவில் லண்டன் வணிகரின் விலைப்பட்டியல்களில் ரைன், மோசல் மதுக்கள் பிரான்சின் தலைசிறந்த போர்டோவுக்கு நிகராகவும் சிலபோது மேலாகவும் நின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இன்று பலர் எண்ணுவதுபோல் இனிப்பானவை அல்ல. ஆயிரம் லிட்டர் மரமிடாக்களில் நெடுங்காலம் கிடந்து இனிப்பு தீர்ந்தவை. ஐரோப்பாவிலிருந்து கொடி கடல் கடந்ததும் இந்நூற்றாண்டிலேதான். தெற்கு ஆஸ்திரேலியாவில் குடியேறிய சிலேசிய லூத்தரன் குடும்பங்கள் அங்கு அதை வளர்த்தது தனியே எழுத வேண்டிய வரலாறு.

பெயர் தேய்ந்த கதை

இருபதாம் நூற்றாண்டில் ரீஸ்லிங் இழந்ததும் மிகுதி. மோசல், ரைன், ஃபால்ஸ் பகுதிகளில் மது வணிகத்தின் பெரும்பகுதியை யூத வணிகர்கள் நடத்திவந்தனர். சிறு தோட்டக்காரரிடம் மிடா மிடாவாக வாங்கி, வெளிநாட்டுச் சந்தையைத் தேடித் தந்தவர்கள் அவர்கள். 1933க்குப் பின் அவர்களை வணிகத்திலிருந்து விலக்கினர், உடைமைகளைப் பறித்தனர், தப்பிக்க முடியாதவர்களைக் கொன்றனர். வாங்குவார் இன்றி மது தேங்கியது. 1935 அக்டோபரில் ஃபால்ஸில் நாசிக் கட்சித் தலைவர் பியூர்க்கல் மதுச்சாலை என்று ஒரு நெடுஞ்சாலைக்குப் பெயர் சூட்டித் திறந்துவைத்தார். தேங்கிய மதுவை விற்கும் வழிகளுள் அதுவும் ஒன்று. சுற்றுலாப் பயணிகள் இன்றும் அச்சாலையில் செல்கின்றனர்.

போருக்குப் பின் விளைச்சலே குறிக்கோளாயிற்று. 1882இல் ஹெர்மன் முல்லர் உருவாக்கிய முல்லர்-துர்கௌ என்னும் வகை முந்திப் பழுக்கும், மிகுதியாகக் காய்க்கும், சரிவைக் கேட்காது. உருளைக்கிழங்கு விளைந்த சமநிலங்களில் அதை நட்டார்கள். 1970களில் அதுவே செருமனியின் முதன்மைக் கொடியாயிற்று. 1971இல் வந்த மதுச்சட்டம் ஏறத்தாழ 30,000 தோட்டப் பெயர்களைச் சுமார் 2,600ஆகச் சுருக்கியது. தலைமுறைகள் ஒவ்வொரு மேட்டுக்கும் ஓடைக்கும் இட்ட பெயர்கள் ஒரே சட்டத்தில் பதிவேட்டிலிருந்து நீங்கின. இடப்பெயர் ஆய்வில் ஈடுபட்டவர்களுக்கு இவ்விழப்பை விளக்க வேண்டியதில்லை. மீந்த பெயர்களைக் கொண்டும் மயக்கம் செய்தார்கள். பீஸ்போர்ட் என்ற ஊரின் செங்குத்தான கோல்ட்ராஃப்ஷன் சரிவின் ரீஸ்லிங்கும், சுற்றுப்புறச் சமநிலங்களையெல்லாம் சேர்த்து மிக்கேல்ஸ்பெர்க் எனப் பெயரிட்ட மலிவு மதுவும் ஒரே ஊர்ப்பெயரைத் தாங்கிக் கடைக்கு வந்தன.

அச்சட்டத்தின் அடிப்படை ஓக்ஸ்லே எண். சரிவோ சமநிலமோ, ரீஸ்லிங்கோ வேறோ, எண் தொட்டால் தரப்பெயர் கிடைக்கும். உலர்மணி மதுவுக்கு 150 ஓக்ஸ்லே என்பதுபோல் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண். இது சமத்துவம் என்று வாதிட்டார்கள். பெருந்தோட்டக்காரனின் தனியுரிமை உடைந்தது என்றும் சொன்னார்கள். விளைந்தது வேறு. விரைவில் இனிக்கும்படி உருவாக்கிய ஒட்டுவகைகள் செப்டம்பரிலேயே அந்த எண்ணை எட்டிவிட்டன. தாமத அறுவடை என்று பொருள்படும் ஷ்பேட்லேசே, நாட்டில் முந்திப் பறித்த கனியின் மதுப்புட்டியிலும் ஒட்டப்பட்டது. சொல் இருக்க, பொருள் போயிற்று. நுண்வடிகட்டியால் நொதியை நிறுத்தி இனிப்பைத் தேக்கிய மலிவு மதுக்கள் செருமானிய மது என்றாலே சர்க்கரைத் தண்ணீர் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பின. உண்மையான சரிவில் முதுகுக் கூடையுடன் ஏறியவனின் புட்டிக்கும் அதே விலைதான் கேட்கப்பட்டது. கட்டுப்படியாகாமல் பலர் சரிவுகளைக் கைவிட்டனர்.

1996இல் ரீஸ்லிங் மீண்டும் செருமனியில் முதலிடம் பெற்றது. 2021இல் திருத்திய சட்டம், எண்ணைவிடப் பிறப்பிடத்திற்கு முதன்மை அளிக்கும் பாதையில் சென்றுள்ளது. இளைய தலைமுறையினர் சிலர் கைவிட்ட படிக்கட்டு நிலங்களை வாங்கிக் கல்லடுக்கித் திருத்துகிறார்கள்.

ஆனால் காத்திருத்தலின் கணக்கே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. வெப்பம் உயர்வதால் கனி முந்திப் பழுக்கிறது. நவம்பர் அறுவடை அரிதாகி, செப்டம்பரிலேயே பல தோட்டங்களில் கூடை இறங்குகிறது. வெயில் மிகுந்த கனியில் டி.டி.என். எனச் சுருக்கி அழைக்கும் சேர்மம் கூடி, முதிர்ந்த ரீஸ்லிங்கில் தோன்றும் மண்ணெண்ணெய் வாசம் இளம் மதுவிலேயே வரக்கூடும் என்பதால், இலைகளைக் கிள்ளி வெயில் விட்ட தோட்டக்காரர்கள் இப்போது நிழலுக்காக இலைகளை விட்டுவைக்கிறார்கள். பனிமதுவுக்குக் கனி கொடியிலேயே பூச்சியத்திற்குக் கீழ் 7 பாகையில் உறைய வேண்டும். 2019ஆம் ஆண்டு விளைச்சலுக்கு அக்குளிர் செருமனியின் எந்தத் திராட்சைப் பகுதியிலும் வரவில்லை. நாடு முழுவதும் பனிமது பொய்த்த முதல் ஆண்டு அதுவே. மறுபுறம், பத்தாண்டில் மூன்று நான்கு முறையே நன்றாகப் பழுத்துவந்த சார், ருவர் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இப்போது ஏறக்குறைய ஆண்டுதோறும் கனி பழுக்கிறது. மார்க்ஸின் தந்தை நிலம் வைத்திருந்த மெர்ட்டஸ்டார்ஃபும் அவ்விடத்தில்தான் உள்ளது. அச்சரிவுகளில் இன்று கனி பறிப்பவர்களுள் பெரும்பாலோர் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வரும் பருவக் கூலியாள்கள். அறுவடை முடிந்ததும் அவர்கள் பேருந்தேறி ஊர் திரும்புகிறார்கள். குளிர் தணிந்து கவாத்து முடிந்து கொடி வளைத்துக் கட்டும் நாளில் அவர்களுள் சிலர் மீண்டும் வருகிறார்கள்.